வெள்ளை ராஜபாளையமும் கேட்காத காதும்

நெருப்பெரிச்சல்ல ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி வந்தா, நிறத்தை மட்டும் பார்த்து ஓகே சொல்லமாட்டாங்க. ஜிஎஸ்எம் பார்ப்பாங்க, துவைச்சுச் சுருக்கம் பார்ப்பாங்க. ஆனா நாட்டு நாய்க்குட்டி வாங்கப் போனா, நம்ம முதல் கேள்வியே நிறம்தான்.

முன்னாடி அப்படி இல்லை. பீகிள் மோப்பம் பிடித்து முயலைத் தொடரும் நாய். நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால் எல்லாம் அந்த ஓட்டத்துக்குத்தான். ஒரு நாயோட பரம்பரை நல்லதா என்பதைக் காடே சொல்லிவிடும்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் வேட்டைக்குக் கிட்டத்தட்ட மொத்தமாகவே கதவை மூடியது. காட்டு உயிர்களுக்கு அது தேவைதான். ஆனா நாயைச் சோதிக்கிற களமும் அதோட போச்சு. மிஞ்சினது தோற்றம்.

இதுல அதிகம் அடிபட்டது ராஜபாளையம். 2005ல் தபால்தலையில் இடம்பிடித்த நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தாத்தான் அசல் என்று வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள். தோலுக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உட்காதுக்கும் வேணும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டிக்குக் காது கேட்காமல் போகும். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இப்படித்தான்.

அடுத்த தடவை குட்டி பார்க்கப் போனா, அது பார்க்காதப்போ கொஞ்சம் தள்ளி நின்னு கை தட்டுங்க. திரும்புதான்னு பாருங்க. கூடப் பிறந்த குட்டிகளுக்கும் கேட்குதான்னு விசாரிங்க. நிறத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.