இரத்மலானைத் திமிங்கிலமும் இரத்தினபுரிப் பற்களும்

சபரகமுவ மாகாணத்திற்குக் கடற்கரை கிடையாது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுள் வளரும் பிள்ளைகளிற் பலர் திமிங்கிலத்தைப் பாடநூற் படமாகவே அறிவர். யானும் அவ்வாறே அறிந்தேன். ஆயினும் இலங்கைத் திமிங்கிலமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரத்தினபுரியிலிருந்து தொடங்குதல் தவறன்று.

இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் பரற்படையைத் தோண்டுவோர்க்குக் கல்லோடு பழைய எலும்பும் பல்லும் அகப்படுவதுண்டு. அவற்றைத் திரட்டி ஆராய்ந்தவர் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல. நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகால் இந்நாட்டில் வாழ்ந்தமையை அவர் அவற்றைக் கொண்டே எடுத்துரைத்தார். குருவிட்டையிற் கிடைத்த பற்களை ஆதாரமாக்கி, 1939இல் இலங்கைச் சிங்கத்திற்குத் தனிப்பெயரும் இட்டார். இரண்டொரு பல்லைக் கொண்டு ஒரு விலங்கை வகுத்தல் துணிவான செயலே. அத்துணிவை ஐயுற்றோரும் உளர்.

1963 ஜனவரி 26ஆந் திகதி, இரத்மலானைக் கரையில் ஏறத்தாழ 4.5 மீற்றர் நீளமான பெண் திமிங்கிலமொன்று ஒதுங்கியது. ஓங்கில்களைப் போன்றே பல்லுடைய திமிங்கிலக் கூட்டத்தைச் சார்ந்த அதனை ஆராய்ந்த தெரணியகல, புதிய இனமெனக் கண்டு ‘மெசோபிளோடன் ஹொட்டவுல’ எனப் பெயரிட்டார். கூரிய அலகு எனப் பொருள்படும் சிங்களச் சொற்களாலானது அப்பெயர். ஆனால் 1965இலேயே வேறு ஆய்வாளர் அதனை மறுத்தனர். யப்பானில் 1958இல் நிஷிவாகி, கமியா ஆகியோர் விவரித்த ‘கிங்கோடென்ஸ்’ என்னும் இனமே இது என்பது அவர்தம் முடிபு. இப்பேரினத்துப் பெண்விலங்குகளுக்குப் பற்கள் பெரும்பாலும் ஈறுக்கு வெளியே தோன்றுவதில்லை. இனங்களைப் பிரித்தறிய உதவுவன ஆணின் கீழ்த்தாடைப் பற்களே. கரையொதுங்கியதோ பெண். சான்று அவ்வளவிற் குறைவுபட்டிருந்தது. ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் தெரணியகல இட்ட பெயர் வழக்கிழந்து கிடந்தது.

அப்பெயரை மீட்டது பிறப்புரிமையியல். மெரெல் டல்போட் என்பாரும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு முதலிய மாதிரிகளிலிருந்து பெற்ற டி.என்.ஏ ஒப்பிடப்பட்டது. இழைமணி டி.என்.ஏ தாய்வழியே மட்டும் வருவது; அதனை மட்டும் நம்பினால் தந்தைவழிக் கலப்பு மறைந்துவிடக்கூடும். ஆகவே இருபெற்றோர்வழி வருவனவும், தந்தைவழி மட்டும் வரும் வை நிறமூர்த்தமும் உடன் நோக்கப்பட்டன. மூன்றிலும் இவ்விரு திமிங்கிலங்களும் வேறுபட்டன. உருவமைப்பும் அதற்கு இசைந்தது. இலங்கை, மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாட்டி, பல்மைரா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஏழு மாதிரிகளேனும் ‘ஹொட்டவுல’ எனத் தெளிந்தன. பேரினத்தின் இனத்தொகை 15 ஆயிற்று. கங்கை ஓங்கிலும் சிந்து ஓங்கிலும் வெவ்வேறு இனங்களென்பதற்கு மண்டையோட்டோடு பிறப்புரிமைச் சான்றும் காட்டப்பட்டது 2021இல்.

இங்கு எம்மவர் வென்றார் என மகிழ்வது எளிது. எனக்கோ, அரிய விலங்குகளின் எலும்பையும் பல்லையும் எறிந்துவிடாது பல நாட்டு நூதனசாலைகளிற் காத்துவைத்தோரின் பணியே பெரிதாகத் தோன்றுகின்றது. அவை இல்லாவிடின் எதனை ஒப்பிடுவது?

குருவிட்டைப் பற்களுக்கு இவ்வாய்ப்பு எளிதிற் கிட்டாது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏயை விரைந்து சிதைப்பன. சபரகமுவ மண்ணில் இரண்டிற்கும் குறைவில்லை. அப்பற்களைப் பற்றிய வழக்கு இன்றும் வடிவத்தையும் அளவையும் கொண்டே நடைபெறுகின்றது.