திமிங்கில வேட்டையும் கிரிட்விக்கன் ஆலயமும்

தென் ஜார்ஜியா தீவிலுள்ள கிரிட்விக்கன் துறையில், 1904-ஆம் ஆண்டு நார்வே நாட்டினரான கார்ல் ஆன்டன் லார்சன் திமிங்கில வேட்டை நிலையமொன்றை நிறுவினார். 1913-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே லுத்தரன் ஆலயமொன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆலயமணி ஒலித்த அதே துறையில் திமிங்கிலங்கள் அறுக்கப்பட்டன. 1965 வரை அத்தீவின் நிலையங்களில் அறுக்கப்பட்டவை ஏறத்தாழ 1,75,000. அவற்றின் எண்ணெய் சோப்பாகவும் மார்கரினாகவும் ஐரோப்பியச் சந்தைகளை அடைந்தது.

குளிரில் பாடுபட்ட கூலியாட்களை நாம் எளிதில் குற்றப்படுத்தலாகாது. குற்றம் கணக்கிடும் முறையிலேயே வேர்கொண்டிருந்தது. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அமைந்த சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையமுங்கூட, ஒரு நீலத் திமிங்கிலத்துக்கு இரண்டு துடுப்புத் திமிங்கிலங்கள் ஈடென்று, எண்ணெயின் அளவைக்கொண்டே 1972 வரை அந்தார்க்டிக் வேட்டைக்கு வரம்பு வகுத்தது. எவ்வினம் எத்தனை எஞ்சியுள்ளதென்று அக்கணக்கு கேட்கவில்லை.

ஆதியாகமத்தின்படி, கடலின் பெரும் உயிர்கள் பலுகும் ஆசீர்வாதத்தைப் பெற்றது மனிதன் படைக்கப்படுமுன்னரே. ஆகவே அவற்றின் மதிப்பு நமது தேவையினின்று பிறந்ததன்று.

1982-ஆம் ஆண்டு ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. நார்வே அதனை ஏற்கவில்லை. ஜப்பான் 2019-இல் ஆணையத்தைவிட்டு விலகியது. ஆயினும் 2020-ஆம் ஆண்டு ஆய்வில், தென் ஜார்ஜியாவின் கடலில் நீலத் திமிங்கிலங்கள் மீண்டும் பலவாய்க் காணப்பட்டன. ஆலை துருப்பிடித்துக் கிடக்க, ஆலயம் இன்றும் நிற்கிறது. நம் ஆலயங்களின் அருகே அறுக்கப்படுபவற்றை நாம் காண்கிறோமா?