எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகள்: முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

கேரளத்தின் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பொதுவான ஒரே நிர்வாக வரலாறு இல்லை. விடுதலைக்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன.

மலபாரில் ஜில்லா போர்டு பள்ளிகளைத் திறந்தது. அவற்றின் ஆசிரியர்கள் போர்டின் ஊழியர்கள். 1954 தேர்தலுக்குப்பின் பி. டி. பாஸ்கரப் பணிக்கர் அதன் தலைவரானார். 1957 ஜனவரி 1 அன்று மலபார் மூன்று மாவட்டங்களாயிற்று. போர்டு பள்ளிகள் பின்னர் அரசுப் பள்ளிகளாயின.

இங்கே ஒரு முரண் உண்டு. 1956இல் ஏழாம் திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க மாநிலம் மட்டுமன்றி அதனுள் அடங்கும் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது. கடமை உள்ளாட்சியைச் சேர்ந்த அதே காலத்தில் பள்ளிகள் அதன் கையைவிட்டு அகன்றன.

1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தையடுத்து, அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராமப் பஞ்சாயத்துகளிடம் மீண்டன. ஆனால் மீண்டவை பெரும்பாலும் கட்டடமும் பராமரிப்புமே. ஆசிரியர் தேர்வு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடமும், பாடத்திட்டம் மாநில அரசிடமும் நிற்கின்றன. தமிழாசிரியர் வேண்டுமெனப் பஞ்சாயத்து தீர்மானம் இயற்றலாம். அத்தீர்மானம் ஆணையாவதில்லை, விண்ணப்பமாகவே மேலே செல்கிறது.

கூரையைச் செப்பனிடும் அதிகாரம் ஊருக்கு உண்டு. அதன்கீழ் எம்மொழி ஒலிக்கும் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் இல்லை. மொழியுரிமையை ஆராய்வோர் சட்டப் பிரிவுகளோடு நின்றுவிடாமல், பஞ்சாயத்துக் கூட்டக் குறிப்பேடுகளையும் படிக்க வேண்டும்.