கலைந்த மணவினை

மணந்தான் சீமான், மகிழ்ந்தாள் மங்கை, மறைந்தது பழி! 'புத்துயிர்ப்பு' நாவலுக்கு இப்படியோர் இன்ப முடிவைத் தீட்டினார் லியோ டால்ஸ்டாய். ஏட்டைப் படித்தவர்கள் புருவத்தை நெரிப்பார்கள், "அப்படி ஏதும் அதிலே இல்லையே!" என்பார்கள். இல்லைதான். ஆனால் இருந்தது; எழுதிய கரமே அதனை அழித்தது. அந்த வரலாற்றையே ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

1887-ஆம் ஆண்டு, யாஸ்னயா போல்யானாவிலிருந்த டால்ஸ்டாயின் இல்லத்துக்கு வந்திருந்த கோனி எனும் சட்ட வல்லுநர், தாம் அறிந்த வழக்கொன்றைக் கூறினார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட விலைமகள் ஒருத்தி. ஜூரர் வரிசையிலே ஒரு சீமான். கண்டான், கலங்கினான். உறவினர் வீட்டில் வளர்ந்த அந்த அனாதைப் பெண்ணை முன்னாளில் கெடுத்தவன் அவனே! கெடுத்தவன் நீதி வழங்க அமர்ந்திருக்கிறான். கெடுக்கப்பட்டவள் கூண்டிலே நிற்கிறாள்! மனம் குமைந்தவன் அவளை மணக்க முன்வந்தான். மணநாள் வருமுன்னே, சிறையிலே டைபஸ் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று.

1889 டிசம்பரில் எழுதத் தொடங்கிய டால்ஸ்டாய், 1895-ல் முதற்படியை முடித்தார். சிறையிலே மாண்ட பேதையைக் கதையிலே வாழவைத்தார். நெக்லூதவ் காட்யூஷாவை மணக்கிறான், சைபீரியாவிலே குடித்தனம், பின்னர் தப்பி லண்டன் சேர்கிறார்கள். நிலம் தனியுடைமை ஆகாது என்ற கொள்கைக்காக உழைக்கிறான் கணவன். டால்ஸ்டாய் தம் நெஞ்சிலே நெடுநாள் வளர்த்த கொள்கையாயிற்றே அது! நாமாக இருந்தால் 'சுபம்' போட்டு அச்சகத்துக்கு அனுப்பியிருப்போம்.

அவருக்கோ மனம் ஒப்பவில்லை. 1895 நவம்பரில், உலாவி வந்தபின், கதை ஏன் உருப்படவில்லை என்பது புரிந்துவிட்டதாக நாட்குறிப்பிலே எழுதினார். உழவர் வாழ்வே பொருள், மேட்டுக்குடி வாழ்வு வெறும் நிழல். ஆகவே அவளிடமிருந்தே கதை தொடங்கவேண்டும் என்று கண்டார்.

என்ன பொருள் இதற்கு? சீமானின் மனப்புண்ணுக்கு மருந்தாக அந்தப் பெண் அரைபட்டுக்கொண்டிருந்தாள்! கெடுக்கும்போதும் அவளைக் கேட்கவில்லை, கைதூக்கிவிடும்போதும் கேட்கவில்லை. மணமாலையை நீட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? அவள் வேண்டாமென்றால்?

வேண்டாமென்றே சொல்லவைத்தார். நாடு கடத்தப்பட்ட அரசியல் கைதி சிமன்சனுடன் செல்வதென முடிவு செய்கிறாள் காட்யூஷா. நெக்லூதவ் மீது அன்பு இல்லாமலில்லை. அவனைத் தளையிலிருந்து விடுவிக்கவே விலகுகிறாள். கொடுப்பவள் இப்போது அவள்! மணவினை, குடித்தனம், லண்டன் வாழ்க்கை—ஆண்டுக்கணக்கிலே எழுதிய அத்தனையும் போயிற்று. நீதிமன்றத்திலே அவள் தோன்றும் இடத்தில், அவளது உருவ வருணனையை மட்டும் ஏறத்தாழ 20 முறை மாற்றி எழுதினார்.

போர்க்கருவி ஏந்த மறுத்ததால் ஜார் அரசால் வதைபட்ட டூகபார் மக்களைக் கனடாவில் குடியேற்றப் பணம் தேவைப்பட்டது. அதற்காகவே 1898-ல் நாவலை முடிக்க முனைந்தார். 1899-ல் 'நீவா' இதழிலே தொடராக வந்தது. அச்சுப்படி வந்தபோதும் திருத்தம் ஓயவில்லை. அச்சகத்தார் பட்ட பாட்டை எண்ணினால் நமக்கே இரக்கம் பிறக்கிறது.

ஜாரின் தணிக்கையாளரும் பேனாவை எடுத்தனர். சிறைக்கோயில் வழிபாட்டை அம்பலப்படுத்தும் பகுதி ரஷ்யப் பதிப்பிலே வெட்டுண்டது. அதனை டால்ஸ்டாய் விட்டுக்கொடுக்கவில்லை. செர்ட்கவ் இங்கிலாந்திலிருந்து முழுநூலை வெளியிட்டார். 1901-ல் திருச்சபை அவரை விலக்கியது. மணக்காட்சியைத் தாமே துறந்தவர், அந்தப் பகுதியைத் துறக்க மறுத்தார்.

ஆயினும் ஒன்றை அவர் அடித்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இறுதியிலே நெக்லூதவ் விவிலியத்தைப் புரட்டி விடை காண்கிறான். நாவலை வியந்த செகாவே 1900-ல் எழுதிய கடிதத்திலே அந்த முடிவைக் குறைகூறினார். எழுதிக்கொண்டே போய், எல்லாவற்றையும் விவிலிய வாசகத்தின் தலையிலே கட்டிவிடுவதா என்பது அவர் கேள்வி. அந்தப் பக்கங்கள் மட்டும் டால்ஸ்டாயின் பேனாவுக்குத் தப்பின; இன்றும் நூலின் கடைசியிலே இருக்கின்றன.