கட்டுமரமும் பெருமீனும்



இவ்விழா மலருக்காகப் பழைய செய்திகளைத் திரட்டும் பொருட்டு, முதியவர் சிலரோடு ஒரு மாலை கடற்கரையில் அமர்ந்திருந்தோம். அப்போது இளைஞர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அயல்நாட்டுக் கடல் ஒன்றில், 'கயாக்' என்னும் சிற்றோடத்தில் ஒருவர் தனியே அமர்ந்து, தம் உயரமுள்ள மீனைத் தூண்டிலில் இழுத்துக் கொண்டிருந்தார். "சாமி, எவ்வளவு பெரிய சாகசம்!" என்று வியந்தார் இளைஞர். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி, அது அவருக்கு விளையாட்டு. எங்களுக்கு அது அடுப்பெரிய வைத்த வேலை" என்றார். அவருடைய அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலால் அமைத்துக்கொண்ட ஓடம். இன்று அதே பெயரில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். மேலே ஏறும் அலைநீர் துளைகள் வழியே வடிந்துவிடும்படி அவற்றில் ஒருவகையைச் செய்திருக்கிறார்கள். இதைப் புதுமை என்று நாம் எண்ணவேண்டியதில்லை. நீர் நிறைய உட்குழிவு இல்லாத ஒரு மரக்கலம் நூற்றாண்டுகளாக நம் கரையில் இருந்து வந்திருக்கிறது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். கட்டிய மரமாதலால் அது கட்டுமரம். ஆங்கிலேயர் அப்பெயரையே தம் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-ல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியுள்ளார். அவற்றுள் ஒரே ஆளைத் தாங்கும் மிகச் சிறியனவும் இருந்தன. அவற்றில் அமர்ந்தவனின் கால்கள் எப்போதும் நீரிலேயே இருந்தன. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இதற்கும் இடம் தந்தார்.

ஆணியில்லை, பலகையில்லை, கனமற்ற மரமும் கயிறுமே இதன் முதல். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, குடித்த நீர் வற்ற மரங்களை மணலில் உலர்த்துவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். அலை மேலே ஏறினாலும் நீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

இத்தகைய மரத்தில் இருவர் மூவராய்ச் சென்று, நம் முன்னோர் நெய்மீனையும் கேரையையும் மயில்மீனையும் சுறாவையும் பிடித்தார்கள். இவை எளிய மீன்கள் அல்ல. நெய்மீன் 70 கிலோ வரை வளரக்கூடியது. மயில்மீன் மூன்று மீட்டர் நீளத்தை எட்டும். வாள்போன்ற அதன் மூக்கு ஆளையே குத்திவிடும். கேரையோ தன் உடற்சூட்டைச் சுற்றியுள்ள நீரைவிட மிகுதியாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆகவேதான் அது எளிதில் களைப்பதில்லை.

பின் எப்படிப் பிடித்தார்கள்? அன்று பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறோம். "மீன் கொத்தியதும் இழுக்கக் கூடாது சாமி. விட்டுக் கொடுக்கணும். நூலைக் கையில் சுற்றினால் விரல் போயிடும், ஆளும் போயிடுவான். மீன் ஓடும், மரமும் பின்னாலேயே ஓடும். மரத்தை இழுத்து இழுத்து மீனே சோர்ந்துடும்." ஒருவர் நூலைப் பிடித்திருக்க, மற்றவர் மரத்தின் முனை மீன் ஓடும் திசையிலேயே இருக்கும்படி துடுப்புப் போடுவார். நூல் குறுக்கே திரும்பினால் மரம் புரளும். மீன் சோர்ந்து அருகில் வந்ததும் கட்டையால் தலையில் அடித்து, அலை உயரும் நேரம் பார்த்து மரத்தின்மேல் வழுக்கி ஏற்றுவார்கள். மரம் நீர்மட்டத்தில் கிடப்பதால் பாரத்தைத் தூக்கவேண்டிய தொல்லை இல்லை. எளியவனின் கலத்தில் குறையென்று தோன்றுவதே அவனுக்குத் துணையாய் நின்றது எனலாம்.

எனினும், தூண்டிலைப்போலவே முக்கியமான மற்றொன்றும் மரத்தில் இருந்தது. அது ஒரு கத்தி. காற்று மாறினாலோ, மீன் மரத்தை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றாலோ நூலை அறுத்துவிட வேண்டும். "எத்தனை முறை அறுத்தீர்கள்?" என்று வினவினோம். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைகள் பசியோடு இருந்த ஒரு நாளிலும் அறுத்தேன் சாமி. அறுத்ததால்தான் இன்றைக்கு உங்களோடு பேசிக்கிட்டிருக்கேன்" என்றார். பிடிப்பதற்கு வேண்டிய துணிவைப் பலரும் புகழ்வர். பசித்த வீட்டை நினைத்துக்கொண்டே விட்டுவிடுவதற்கு வேண்டிய துணிவை யார் எழுதி வைத்தார்கள்?

காலம் மாறியது. 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. அதன்பின் விசைப்படகுகள் பெருகின. கரையோரக் கடலில் சிறு தொழிலாளருக்கும் விசைப்படகினருக்கும் பூசல்கள் மூண்டன. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள பகுதி சிறு தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டது. 1980-களில் முட்டத்தில் பியேர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர், அலையடிக்கும் கரையில் இறங்கத்தக்க ஒட்டுப்பலகை வள்ளங்களை வடிவமைத்தார். வெளிப்பொருத்து எஞ்சின்களும் வந்து சேர்ந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகவே, பல ஊர்களில் கட்டுமரம் அருகிப்போயிற்று.

இதற்காக நாம் வருந்த வேண்டுமா? துடுப்புப் போட்டுக் காய்த்த கைகளை அறிந்தவர் எவரும் எஞ்சினைப் பழிக்கமாட்டார். ஆயினும் மரத்தோடு சேர்ந்து ஓர் அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. மலை முகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேராக நிறுத்திப் பாரின் இடத்தைக் கண்டார்கள். நீரோட்டத்தைத் தூண்டில் நூலின் சாய்விலே உணர்ந்தார்கள். இவற்றை அறிந்தோர் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். இளைஞரே, அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கருவி பழுதாகும் இரவில் அது உங்களைக் கரை சேர்க்கலாம்.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். கரையில் மீன் ஏலம் போனதும், உழைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, மரத்துக்கும் தூண்டிலுக்கும் ஒரு பங்கு, கோவிலுக்கும் ஒரு பகுதி என்று பிரிப்பது நம் கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். நாம் கூடி வாழும் இத்திருக்கூட்டத்துக்கும் பங்கு என்றே பெயர் வழங்குகிறது. இக்கோவிலின் சுவர்களில் நூல் அறுத்த விரல்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. கொண்டுவந்தவர்களை வாழ்த்துவோம், மீனை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களையும், திரும்பாமலே போனவர்களையும் இவ்விழா நாளில் மறவாதிருப்போம்.