பிரேக் பிடிக்கவில்லை என்றால் யார் பொறுப்பு?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறார். ஒரு இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காமல், முன்னால் நின்ற காரில் இவருடைய லாரி மோதிவிட்டது. காரில் இருந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது. வழக்கு டிரைவர் மேல்.

"லைனிங் தேஞ்சு போச்சுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட சொன்னேன் சார். இந்த ஒரு லோடை இறக்கிட்டு வா, பாத்துக்கலாம்னு சொன்னாரு" என்றார்.

அந்த ஓனரும் என் மாணவர்தான். போனில் கேட்டேன். "என்கிட்ட அப்படி எதுவும் சொல்லலையே சார்" என்றார்.

இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் இந்தக் கேள்வி இவர்களோடு பிறந்ததில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் லாரித் தொழிலில் இருக்கும் நாம் இதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பெரியவர்கள் மோட்டார் வாகன ஆய்வாளரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்வார்கள். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும்தான் அதில் முக்கியம். லாரிகளும் பஸ்களும் பெருகிய பிறகு 1939-இல் பெரிய சட்டம் வந்தது. வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்றது. நாம் 'எஃப்.சி. காட்டுவது' என்கிறோமே, அதுதான். சான்று இல்லாத வண்டி, பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். 1988-ஆம் வருடத்துச் சட்டத்திலும் இது அப்படியே தொடர்கிறது.

இந்த இரண்டு சட்டங்களிலும் உள்ள இன்னொரு பிரிவைக் கவனியுங்கள். 1939 சட்டத்தில் 121-ஆவது பிரிவு. 1988 சட்டத்தில் 190. ஆபத்து உண்டாக்கும் குறையோடு பொதுச் சாலையில் வண்டி ஓடினால் யார் குற்றவாளி என்று அது சொல்கிறது. அதை ஓட்டுகிறவர், ஓட்டச் செய்கிறவர், ஓட்ட விடுகிறவர் என மூன்று பேர். குறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். 1988-இல் அபராதம் 250 ரூபாய். 2019 திருத்தத்தில் 1,500 ஆனது. விபத்து நடந்துவிட்டால் சிறைத் தண்டனையும் உண்டு.

ஆகவே சட்டம் டிரைவரை மட்டும் கை காட்டவில்லை. ஓனரையும் சேர்த்தே சொல்கிறது. 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையொட்டியே பேசியது. லாரியில் திடீரென்று இயந்திரக் கோளாறு வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது வெளியே தெரியாத கோளாறு, நியாயமான கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாதது என்று ஓனர்தான் காட்ட வேண்டும் என்றது.

பிறகு ஏன் நடைமுறையில் டிரைவர் மட்டும் மாட்டுகிறார்? விபத்து நடந்த இடத்தில் இருப்பவர் அவர்தான். ஓனர் எங்கோ தூரத்தில் இருக்கிறார். "சொன்னேன்", "சொல்லவில்லை" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

டிரைவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிளம்பும் முன் லீவரால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பது, காற்று ஒழுகும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பது, வீல் நட்டு, லைட், ஸ்டியரிங் பார்ப்பது எல்லாம் அவர் வேலைதான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, நல்ல பிரேக்கும் பிடிக்காமல் போகும். அது டிரைவர் தவறு. ஆனால் லைனிங் மாற்றப் பணம் கொடுப்பதும், வண்டியை ஒரு நாள் பட்டறையில் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. கண்டுபிடிக்கும் கடமை ஒருவருக்கு, சரிசெய்யும் அதிகாரம் இன்னொருவருக்கு. சிக்கல் இங்கேதான்.

2018 இறுதியில் வந்த விதித் திருத்தத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை புது வண்டிக்கு முதல் இரண்டு வருடம் போக, பிறகு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். திருத்தத்துக்குப் பின் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் அதிலேயே போனது. கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகளும் இன்று நிறைய. அதாவது, வண்டியைச் சுற்றிப் பார்க்கும் கண்கள் குறைந்துவிட்டன. எஃப்.சி.க்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டுத் திரும்பக் கழற்றிவிடும் கதையையும் உங்களில் சிலரே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அன்றைய ஓட்டம் முடிந்ததும் பிரேக், ஸ்டியரிங், டயர், லைட் என்று பார்த்து, குறை இருந்தால் டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சரிசெய்தோம், அல்லது அதற்குத் தேவை இல்லை என்று கம்பெனி எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். அடுத்து ஓட்டப்போகிறவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வண்டி எடுக்க வேண்டும். ஆபத்தான வண்டியை ஓட்ட மறுக்கும் டிரைவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பை 1982-ஆம் வருடத்துச் சட்டம் கொடுத்தது. அங்கேயும் விபத்துகள் நடக்கின்றன. ஆனால் "சொன்னேன், சொல்லவில்லை" என்ற சண்டைக்கு இடம் குறைவு.

நமக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லாரி ஓட்டும் மாணவர்களே, தேய்ந்த லைனிங்கையோ டயரையோ படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். லாரி வைத்திருக்கும் மாணவர்களே, அப்படி அனுப்புகிறவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களை மாட்டிவிடப் பார்க்கவில்லை. உங்கள் வண்டியையும் முன்னால் போகிறவர்களையும் காப்பாற்றப் பார்க்கிறார்.

என் மாணவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கு நடக்கிறது. காலில் அடிபட்டவரை நான் பார்த்ததில்லை; இன்னும் சரியாக நடக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரும் ஏதோ ஒரு பள்ளியில், யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்த பிள்ளைதான்.

தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் எழுதியதில் தவறு இருந்தால் திருத்துங்கள். உங்களிடம் கற்றுக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அன்புடன்,
உங்கள் சார்