சேலரி: உப்பு தந்த பெயர்

மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் ஊதியத்தை ஆங்கிலத்தில் ‘சேலரி’ என்கிறோம். லத்தீன் மொழியின் ‘சலாரியம்’ பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. அதனால் ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்ற கதை பள்ளிக்கூடம் வரை பரவியிருக்கிறது. பெயருக்கும் உப்புக்கும் உறவு உண்டு. உப்பே கூலி என்பதற்குத்தான் சான்று இல்லை. வீரர்களின் சம்பளத்துக்கு ‘ஸ்டிபெண்டியம்’ என்று தனிப்பெயர் இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் காலாட்படை வீரருக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ், அது வெள்ளிக்காசு.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினியே ‘இயற்கை வரலாறு’ நூலில் சலாரியத்தையும் உப்பையும் இணைக்கிறாரே என்று கேட்கலாம். சலாரியம் என்ற பெயர் உப்பிலிருந்து வந்தது என்பது வரைதான் அவர் சொல்கிறார். உப்பை அளந்து கொடுத்ததாக அவர் எழுதவில்லை. உப்பு வாங்கத் தந்த படிக்காசு என்ற விளக்கமும் பிற்கால அகராதிக்காரர்களின் ஊகமே. வேர்ச்சொல் பிறப்பைக் காட்டும்; வழக்கத்தை நிறுவ ஆவணம் வேண்டும். சுவையான கதை என்பதற்காக அதை வரலாறாக்கக் கூடாது.